தயிர்சாதம் வேண்டாம் என்கிற குட்டி

காலை எட்டு மணி. செகந்திராபாத்தின் மாரெட்பல்லியிலோ பத்மாராவ் நகரிலோ இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஏதாவது ஒன்றின் பின்கட்டு. எவர்சில்வர் தட்டில் குழையப் பிசைந்த தயிர்சாதம். ஐந்து மாத ஸ்பிட்ஸ் குட்டி வருகிறது, முகர்கிறது, தட்டை ஒரு முறை சுற்றிவிட்டு எதிரே உட்கார்ந்து வீட்டாரின் முகத்தைப் பார்க்கிறது.

அடுத்த அரை மணி நேரம் நடப்பது கிட்டத்தட்ட ஒரு உபசாரம். முதலில் சாதத்தின் மேல் கொஞ்சம் பால். அதையும் குட்டி தொடவில்லை என்றால் ஒரு ஸ்பூன் நெய். பிறகு மேரி பிஸ்கட். பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பேரன் தன் பங்குக்கு பிரெட் துண்டு போடுகிறான். முட்டை சமைக்காத வீடு என்றால் பக்கத்து வீட்டில் அவித்த முட்டை, தனிக் கிண்ணத்தில், கொல்லைப்புற வழியாக வந்து சேர்கிறது. கடைசியில் தெருமுனைக் கடையிலிருந்து சிக்கனும் வரக்கூடும்.

"பாவம்டி, வாயில்லா ஜீவன். வயிறு வாடறதே" என்கிறார் மாமியார்.

"வாயில்லா ஜீவனா? அதுக்கு வாய் மட்டும்தான் அத்தை இருக்கு" என்கிறார் மருமகள், ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டே.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மருமகளின் கட்சியை முதலில் பார்க்கலாம். நாயின் நாக்கில் சுவை மொட்டுகள் ஏறக்குறைய 1,700. மனிதனுக்கு சுமார் 9,000. ஆகவே ருசி பார்த்து ஒதுக்கும் ராஜகுமாரன் என்று குட்டியைச் சொல்ல முடியாது. அதன் உலகம் மூக்கில் இருக்கிறது. அதைவிட முக்கியம், அது கவனித்து வைத்திருக்கும் ஒரு சங்கதி: தட்டைத் தொடாமல் உட்கார்ந்தால் இன்னும் நல்ல பண்டம் வருகிறது. திங்கட்கிழமை பால், புதன்கிழமை நெய், வெள்ளிக்கிழமை முட்டை. பதினைந்து நாளில் இந்தப் பாடத்தைக் குட்டி மனப்பாடம் செய்துவிடுகிறது. வீட்டார் நாயைப் பழக்குவதாக நினைத்துக்கொண்டிருக்க, பழகிப்போனவர்கள் வீட்டார்தான்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஐந்து கிலோ எடையுள்ள, வளரும் குட்டிக்கு ஒரு நாளைக்குத் தேவையானது ஏறக்குறைய 450 கலோரி. ஒரு மேரி பிஸ்கட்டில் சுமார் 25 கலோரி. தாத்தா இரண்டு, பேரன் மூன்று, வேலைக்கு வரும் அம்மா இரண்டு, மாடி வீட்டுக்காரர் மூன்று என்று நாள் முழுக்கப் பத்து பிஸ்கட் உள்ளே போனால், பாதிக்கு மேல் வயிறு நிரம்பியாகிவிட்டது. சாயந்திரம் அது சாப்பாட்டை வேண்டாம் என்பதற்குப் பெயர் அடமும் இல்லை, நோயும் இல்லை. பசியில்லை, அவ்வளவுதான்.

வயதும் ஒரு காரணம். நான்கு மாதத்துக்குப் பிறகு வளர்ச்சியின் வேகம் குறையத் தொடங்குகிறது, அதோடு தீனியின் வேகமும் குறைகிறது. அதே சமயத்தில்தான் 28 பால்பற்கள் விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைக்கின்றன. ஈறு வலிக்கும்போது கடினமான உலர்தீவனத்தை எந்தக் குட்டியும் விரும்பாது. வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்தால் வாசனையும் எழும், மெல்லவும் சுலபம். இது போதாதென்று ஹைதராபாத்தின் மே மாதம். 40 டிகிரியைத் தாண்டும் மதிய வெயிலில் மனிதர்களே மோரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். அடர்ந்த ரோமம் போர்த்திய குட்டியை ஒரு மணிக்குச் சாப்பிடச் சொல்வது நியாயமில்லை.

ஆனால் மாமியாரின் கட்சி முழுக்கத் தோற்றுவிடவில்லை. நாய் சாப்பிட மறுப்பது சில சமயம் சாப்பாட்டின் மேல் அது கொடுக்கும் புகார். அந்தப் புகாரை உலகம் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்ட கதையில் ஹைதராபாத்துக்கே ஒரு பங்கு இருக்கிறது.

கதை தொடங்குவது அமெரிக்காவின் தென் மாநிலங்களில். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அங்கே பெலாக்ரா என்ற நோய் ஏழைகளை வாட்டியது. வெயில் படும் இடத்தில் தோல் கறுத்து உரியும், வயிறு கெடும், புத்தி பேதலிக்கும். மக்காச்சோளத்தை நம்பி வாழ்ந்தவர்களுக்கே இது வந்தது. கிருமிதான் காரணம் என்று பலரும் நம்பிய காலத்தில், குற்றவாளி சாப்பாடு என்று வாதாடினார் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற அரசு மருத்துவர். அதே ஊர்களில் நாய்களுக்கு ஒரு நோய் வந்தது. முதலில் தீனி மறுப்பு, பிறகு வாய்ப்புண், எச்சில் ஒழுகல், பேதி, கடைசியில் சாவு. மக்கள் அதற்கு வைத்திருந்த பெயர் கறுப்பு நாக்கு. இரண்டும் ஒரே நோயா என்று பார்க்க, 1920களில் கோல்ட்பெர்கர் குழுவினர் நாய்களுக்கு ஏழை வீட்டுச் சாப்பாட்டையே போட்டார்கள்: மக்காச்சோள மாவு, காராமணி, அந்த வகையறா.

நாய்கள் சில நாளில் தட்டை ஒதுக்கின. ஆய்வாளர்களுக்கும் இன்றைய மாரெட்பல்லி மாமியாரின் கவலைதான். பசியைத் தூண்டலாம் என்று தீனியில் கொஞ்சம் ஈஸ்ட் கலந்தார்கள். நாய்கள் சாப்பிட்டன. ஆனால் வர வேண்டிய நோய் வரவே இல்லை! ருசிக்காகப் போட்ட ஈஸ்ட்டில்தான் மருந்து இருந்தது என்பது பிறகு புரிந்தது. கோல்ட்பெர்கர் 1929இல் இறந்துபோனார். அந்த மருந்து நிகோடினிக் அமிலம், இன்றைய நியாசின் வைட்டமின், என்று 1937இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கான்ராட் எல்வேஜெம் கண்டுபிடித்ததும் கறுப்பு நாக்கு நாய்களின் மூலமாகத்தான்.

ஹைதராபாத்துக்கு இந்தக் கதை வந்தது ஒரு புதிரோடு. குன்னூரில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடம் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு, தார்நாகாவில் உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டிய இடத்துக்கு மாறியது. இன்று அதுவே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். தக்காணத்தில் மக்காச்சோளம் பிரதான உணவல்ல. மக்கள் சாப்பிட்டது ஜொன்ன ரொட்டெ, அதாவது சோள ரொட்டி. சோளத்தில் நியாசின் அப்படியொன்றும் குறைவு இல்லை. பிறகு ஏன் சோளம் சாப்பிடும் கூலித் தொழிலாளர்களுக்குப் பெலாக்ரா?

சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனும் டாக்டர் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தையாவும் 1960இல் 'லான்செட்' இதழில் ஒரு பதில் சொன்னார்கள். சோளத்தின் புரதத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் மிக அதிகம். அது உடல் நியாசினைப் பயன்படுத்துவதைக் குழப்புகிறது என்பது அவர்கள் கருத்து. பின்னர் அந்தக் கூடத்தில் நாய்க்குட்டிகளுக்குக் கூடுதல் லூசின் கலந்த தீனி கொடுத்தபோது அவற்றுக்குக் கறுப்பு நாக்கு வந்தது. இந்த விளக்கத்தை எல்லா ஆய்வாளர்களும் ஏற்றுக்கொள்ளவில்லை. வேறு இடங்களில் கிடைத்த முடிவுகள் ஒத்துவரவும் இல்லை. கோபாலன் 2019இல், நூறு வயதில் மறைந்தார். அந்தப் பெயர் தெரியாத குட்டிகளுக்கு நகரில் எங்கும் நினைவுச் சின்னம் கிடையாது.

மறுபடியும் தயிர்சாதத் தட்டுக்கு வரலாம். நாய்க்கு அரிசி ஆகாது என்பது தவறு. ஓநாயைக் காட்டிலும் நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் பல மடங்கு அதிகம் என்று 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனிதர்கள் போட்ட சோற்றைத் தின்றுதான் அது நாயானது. தென்மாவட்டங்களில் கூழ் குடித்து வளர்ந்த வேட்டை நாய்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல ஸ்வீடன் தேவையில்லை. (அந்த நாய்கள் கூழுக்கு மேலே முயலும் பிடித்துத் தின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

சிக்கல் அளவில். வளரும் குட்டியின் தீனியில், ஈரத்தை நீக்கிய எடைக்கு 22.5 சதவீதமாவது புரதம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தீவன அளவுகோல். அரிசியில் இருப்பது 7 அல்லது 8 சதவீதம். தயிர் சேர்த்தாலும் தேவையில் பாதியை எட்டினாலே பெரிது. ஆகவே மூன்று வேளையும் தயிர்சாதம் என்றால் குட்டியின் புகாரில் நியாயம் இருக்கிறது. அதற்காக வெறும் சிக்கனுக்குச் சரணடைவதும் தப்பு. எலும்பில்லாத கறியில் கால்சியம் மிகக் குறைவு. அதை மட்டுமே தின்று வளரும் குட்டிக்கு எலும்பு வலுவிழந்து கால் வளையும். முட்டை, பருப்பு, காய்கறி, சோறு எல்லாம் கலந்து போடுகிறவர்கள் ஒரு முறை கால்நடை மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்வது நல்லது. முட்டையும் கூடாது என்கிற வீடுகளுக்கு இந்தக் கலந்தாலோசனை கட்டாயம். குட்டிகளுக்கென்றே விற்கும் முழுமையான உலர்தீவனம் செலவு கூடிய, ஆனால் தலைவலி குறைந்த வழி. எதுவானாலும் திடீரென்று மாற்றாமல், பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஒரு வாரம் பத்து நாளில் மாற்ற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் பொரித்த வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கலாம். திராட்சையும் சாக்லேட்டும் இதே பட்டியலில்.

தட்டில் இருப்பது சரியானது என்று உறுதியான பிறகு வைத்தியம் எளிது. ஐந்து மாதக் குட்டிக்கு மூன்று வேளை, தினமும் அதே நேரம், அதே இடம். காலையில் ஒரு நடை கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்து தட்டை வைக்க வேண்டும். (ஹைதராபாத் மாநகராட்சி 2018இல் கொண்டாப்பூரில் நாய்களுக்கென்றே ஒரு பூங்கா திறந்தது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு மொட்டை மாடி.) இருபது நிமிடம். சாப்பிடவில்லையா, தட்டை எடுத்துவிட வேண்டும். கெஞ்சல், திட்டு, ஊட்டல் எதுவும் இல்லை. அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும். பாவ்லோவின் நாய்களுக்குக் குறித்த அடையாளம் கண்டதும் எச்சில் ஊறியதைப் போல, தட்டின் சத்தத்துக்கே பசி எடுக்க ஆரம்பிக்கும்.

கஷ்டம் நாயிடம் இல்லை. தாத்தா, பேரன், வேலைக்கார அம்மா, மாடி வீட்டுக்காரர் ஆகிய நான்கு பேரையும் ஒரே கட்சியில் சேர்ப்பதுதான் கஷ்டம். கூட்டணி ஆட்சி நடத்தத் தெரிந்தவர்களுக்கே அது சாத்தியம்.

இந்தப் பிடிவாதம் எல்லாக் குட்டிக்கும் செல்லாது. மூன்று மாதத்துக்கு உட்பட்டவை, சிவாவா போன்ற மிகச் சிறிய இனங்கள் ஆகியவற்றைப் பட்டினி போட்டால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழலாம். எந்த வயதானாலும் சாப்பிடாத குட்டி ஓடியாடுகிறதா, சுருண்டு படுத்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. விளையாடிக்கொண்டே தட்டை ஒதுக்கினால் அது அரசியல். வாந்தி, ரத்தம் கலந்த பேதி, வெளிறிய ஈறு, காய்ச்சல் என்றால் நிலைமை வேறு. 1978 முதல் உலகம் முழுக்கப் பரவிய பார்வோ வைரஸ், தடுப்பூசி முடியாத குட்டியை இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும். அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று தீனி மறுப்பு. உண்ணிக் காய்ச்சலும் இப்படித்தான் தொடங்கும். சுறுசுறுப்பாக இருந்தாலும் ஒரு முழு நாள் எதையும் தொடாத குட்டியை நாராயணகுடா அரசுக் கால்நடை மருத்துவமனைக்கோ அருகில் இருக்கும் டாக்டரிடமோ தூக்கிக்கொண்டு போக வேண்டும். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பது இங்கே விலை கூடிய வாக்கியம்.

நோய் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்ட வீடுகளில், பெரும்பாலும் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அது நடக்கிறது. குட்டி வருகிறது, முகர்கிறது, எதிரே உட்கார்ந்து முகங்களைப் பார்க்கிறது. யாரும் அசையவில்லை. மாமியார் மட்டும் சமையலறை வாசலில், புடவைத் தலைப்புக்குள் ஒரு மேரி பிஸ்கட்டை மறைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பதினெட்டாவது நிமிடத்தில் குட்டி எழுந்து வந்து முட்டை கலந்த சோற்றில் வாய் வைக்கிறது. மாமியார் பிஸ்கட்டை டப்பாவில் போட்டு மூடுகிறார், அது சாப்பிட்டு முடித்த பிறகு.