மரத்துக்குத் தெரியாத வயது, சேற்றுக்குத் தெரியும்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் வேலிக்குள் ஒரு மரம் படுத்திருக்கிறது. நீளம் 18 மீட்டருக்கு மேல். தொட்டால் கல். 1940-இல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்த இந்தக் கல்மரத்தைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வருகிறார்கள். பல கோடி ஆண்டுகள் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று யாராவது ஒருவர் கேட்டால், பக்கத்தில் நிற்பவரிடம் பதில் தயாராக இருக்கும்: “கார்பன் டேட்டிங்!”

தவறான பதில். கார்பன் கணக்கு சுமார் 50,000 ஆண்டுகளோடு நின்றுவிடும். கீழடியில் கிடைத்த கரித்துண்டுக்கு அது பொருந்தும். டைனோசர் காலத்து மரத்திடம் அதற்கு வேலையே இல்லை. சரி, மரத்தை மூடிக் கிடந்த மணலையாவது அளக்கலாமா என்றால், அதிலும் சிக்கல். மணல் என்பது அதைவிடப் பழைய பாறை ஒன்று உடைந்து வந்த துகள். அதை அளந்தால் கிடைப்பது தாய்ப்பாறையின் வயது. தாத்தாவின் பிறப்புச் சான்றிதழைக் காட்டிப் பேரனைப் பள்ளியில் சேர்ப்பதுபோலத்தான்.

சாத்தனூர் மரம் ஆற்றோடு வந்து கடலில் புதைந்தது. ஆகவே அதன் காலத்தைச் சொல்ல வேண்டியது அதைச் சுற்றிப் படிந்த கடல் சேறும், அந்தச் சேற்றில் செத்து விழுந்த உயிர்களும்தான். 19ஆம் நூற்றாண்டில் புவியியலாளர்கள் பிளான்ஃபோர்டும் ஸ்டோலிச்காவும் திருச்சிப் பகுதிப் பாறைகளை ஆராய்ந்தபோது, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய அம்மோனைட், சிப்பி வகைகளை நம்பினார்கள். அதே சேற்றில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நாட்காட்டியும் கிடக்கிறது. மிதவை உயிரிகளின் நாட்காட்டி.

அதில் ஒன்று ஃபொராமினிஃபெரா. ஒற்றைச் செல் உயிர். சுண்ணாம்பில் அறை அறையாக ஓடு கட்டிக்கொள்ளும். பெரும்பாலானவை அரை மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. அதைவிடச் சிறியவை காக்கோலித்துகள்: ஒருவகைப் பாசியின் உடலைப் போர்த்திய சுண்ணாம்புத் தட்டுகள், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு. இங்கிலாந்தின் டோவர் வெள்ளைப் பாறைகள் இவற்றின் குவியல்தான். ஒரு காலத்தில் கரும்பலகையில் எழுதிய சாக்பீஸும் அப்படித்தான். இன்றைய சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். அதைப் பொடித்துப் பார்த்தால் ஒன்றும் சிக்காது.

இந்த மிதவைக் கூட்டம் நீரோட்டத்தோடு கடல் கடலாகப் போகும். அதன் இனங்கள் புவியியல் கணக்கில் வெகு சீக்கிரம் தோன்றி, உருமாறி, மறைந்துவிடும். செத்ததும் மழைபோலக் கீழே இறங்கி அடிச்சேற்றில் சேரும். எந்த இனம் எந்த அடுக்கில் முதலில் தலைகாட்டுகிறது, எந்த அடுக்கோடு காணாமல் போகிறது என்று குறித்துக்கொண்டால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் இரண்டு பாறைகள் ஒரே காலத்தவையா என்று சொல்லிவிடலாம். அதன் ஆண்டுக்கணக்கு வேறு இடத்திலிருந்து வருகிறது: இடையிடையே படிந்த எரிமலைச் சாம்பலின் கதிரியக்க அளவீடு, பாறையில் பதிந்திருக்கும் பூமியின் காந்தப்புல மாற்றங்கள் ஆகியவற்றிலிருந்து. உயிரி வரிசையைச் சொல்லும், சாம்பல் எண்ணைச் சொல்லும்.

வேலை என்னவோ அடுப்படி வேலைதான். களிப்பாறையை ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நீரில் ஊறவைத்துக் கரைத்து, 0.063 மில்லிமீட்டர் கண் கொண்ட சல்லடையில் அலசி, உலர்த்தி, தட்டில் தூவி, நுண்ணோக்கியின் கீழே ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டெடுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவதன் தலைகீழ்: இங்கே கல்லிலிருந்து அரிசி பொறுக்குகிறார்கள்.

இதைத் தொழிலாக மாற்றியவர்கள் மூன்று பெண்கள். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர எண்ணெய் நிறுவனங்களில் வேலை பார்த்த எஸ்தர் ஆப்லின், ஆல்வா எலிசர், ஹெட்விக் நிக்கர். எண்ணெய்க் கிணற்றின் துளைப்பான் பெரிய புதைபடிவங்களை நொறுக்கிவிடும். நுண்ணோடுகள் முழுசாகத் தப்பி மேலே வந்துவிடும் என்பதை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1921-இல் ஆப்லினின் முடிவுகளை அறிஞர் கூட்டமொன்றில் முன்வைத்தபோது, பேராசிரியர் ஒருவர் எழுந்து இந்தச் சின்னப் பெண் சொல்வதா என்று கேலி செய்தார். நான்கே ஆண்டுகளில், 1925-இல், டெக்சாஸ், லூசியானா கடலோரத்தின் நிலத்தடி அடுக்குகளை மூவரும் வரிசைப்படுத்தி வெளியிட்ட கட்டுரை எண்ணெய்த் துறையின் பாடமானது. நுண்ணோக்கிகள் நிறுவனம் நிறுவனமாக ஏறின.

அந்தத் தொழிலில் ஒரு நுட்பம் உண்டு. தோட்டத்தில் போர் போட்டவர்களுக்கு அது சட்டென்று புரியும். குழாய் இறங்க இறங்க, கீழே அரைபட்ட மண் மேலே வந்து குவிகிறது. கூடவே துளையின் மேல்பக்கச் சுவரிலிருந்தும் மண் சரிந்து கலக்கிறது. ஆக 2,000 மீட்டர் ஆழத்து மாதிரியில் 500 மீட்டர் ஆழத்து உயிரியும் இருக்கும். அதனால் ஓர் இனம் தோன்றிய அடுக்கை எண்ணெய்க் கிணற்றில் நம்ப முடியாது. கீழே போகப் போக அது முதன்முறையாகக் கண்ணில் படும் ஆழத்தை, அதாவது அந்த இனம் உலகத்தில் அற்றுப்போன கணத்தைத்தான் நம்புவார்கள். பிறப்பைவிட இறப்பே இங்கே உறுதியான சாட்சி.

ஹூஸ்டன் பெண்கள் பயன்படுத்தியவை பெரும்பாலும் கடலடியில் வாழ்ந்த வகைகள். அவை அந்தந்த இடத்தின் ஆழத்துக்கும் சேற்றுக்கும் கட்டுப்பட்டவை. வேறு கண்டத்தோடு ஒப்பிட உதவாது. மிதக்கும் வகைகளை வைத்துப் பல கடல்களுக்கும் பொருந்தும் காலவரிசையை ஹான்ஸ் போலி டிரினிடாட் தீவின் பாறைகளிலிருந்து 1957-இல் கட்டியெழுப்பினார்.

அதன் மிகப் பெரிய வெற்றி எண்ணெயில் இல்லை. 1968 டிசம்பரில் தொடங்கிய பயணத்தில் ‘குளோமர் சேலஞ்சர்’ கப்பல் தென் அட்லாண்டிக்கின் அடியில் வரிசையாகத் துளையிட்டது. கடலடி எரிமலைப் பாறைக்கு நேர் மேலே கிடந்த முதல் சேற்றை எடுத்து, அதன் மிதவை உயிரிகளைப் பார்த்தார்கள். நடுக்கடல் மலைத்தொடருக்கு அருகே இளைய சேறு. விலக விலக, தூரத்துக்குச் சரியான விகிதத்தில், பழைய சேறு. மலைத்தொடரின் இரு பக்கமும் கடல்தளம் ஆண்டுக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் விலகுகிறது என்பது உறுதியானது. கண்டங்கள் நகர்கின்றன என்ற பழைய வழக்கில், தூசி வந்து சாட்சி சொன்ன நாள் அது.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு வழக்கு நடந்தது. அதன் தொடக்கம் மட்டும் இத்தாலியில்: குப்பியோ நகரருகே ஒரு சுண்ணாம்புப் பாறைப் பள்ளத்தாக்கு. டைனோசர்கள் அழிந்த, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவு அங்கே ஒரு சென்டிமீட்டர் களிமண் படலமாகத் தெரிகிறது. படலத்துக்குக் கீழே பெரிய, அலங்காரமான மிதவை ஓடுகள். மேலே திடீரென்று குட்டிக்குட்டி ஓடுகள் மட்டும். அவற்றில் ஒன்றுக்கு 1964-இல் லூட்டர்பாகரும் இசபெல்லா ப்ரெமோலி சில்வாவும் அந்த ஊரின் பழைய பெயரையே வைத்து ‘யூகுபினா’ என்றார்கள். பேரழிவுக்குப் பின் சில லட்சம் ஆண்டுகளே வாழ்ந்த உயிர் அது. புவியியலாளர் வால்டர் ஆல்வாரெஸ் பின்னால் அதே களிமண்ணில் இரிடியத்தைத் தேடப் போனதும், விண்கல் மோதல் கருத்து 1980-இல் வெளியானதும் எல்லோரும் அறிந்த கதை.

யூகுபினா பிறகு எங்கே கிடைத்தது? ஆந்திரத்தின் ராஜமுந்திரியில், கல் குவாரிகளில். தக்காண எரிமலைக் குழம்பு மேற்கிலிருந்து கிட்டத்தட்ட 1,000 கிலோமீட்டர் ஓடி அங்கே கடலைத் தொட்டது. கீழே ஒரு குழம்பு அடுக்கு, மேலே ஒன்று, நடுவில் கடல் படிவு. கெர்டா கெல்லர் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த நடுப்படிவில் யூகுபினாவைக் காட்டியது. கீழ்க் குழம்பு ஓய்ந்தது பேரழிவை ஒட்டிய காலத்தில் என்று அதன் மூலம் சொல்ல முடிந்தது. டைனோசர்களைக் கொன்றது விண்கல்லா எரிமலையா என்ற சண்டை அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் சண்டைக்கு ஒரு தேதி கிடைத்தது. இத்தாலியப் பெயர் கொண்ட ஓர் ஓடு கோதாவரிக் கரையில் சாட்சிக்கு வந்து நிற்பதுதான் மிதவை உயிரியின் மகிமை.

இப்போது அரியலூருக்கு வருவோம். நான்கு கோடி ஆண்டுகளுக்கும் மேலான கடல் வரலாறு அந்த வட்டாரத்தில் வெயிலில் கிடக்கிறது. வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது. அம்மோனைட்டுகளை அங்கே பார்க்கலாம், நல்லதுதான். ஆனால் புதைபடிவம் என்றாலே நம் ஊரில் கண்ணுக்குத் தெரிகிற பெரிய பொருள் என்றாகிவிட்டது. பெரிதானாலும் கதி என்ன? கல்லமேட்டில் கிடைத்து 1980-களில் ‘புருஹத்காயோசாரஸ்’ என்று பெயர் பெற்ற மாபெரும் டைனோசரின் எலும்புகள் சிதைந்து இன்று இல்லை. கல்லமேடு ஆற்றுப்படிவு என்பதால் அங்கே மிதவை உயிரியின் உதவியும் கிடையாது. கடல் அடுக்குகளில் நாட்காட்டி பத்திரமாக இருக்கிறது, அடுக்கு கலையாதவரை. இதே வட்டாரத்தில் உள்ள காரையின் களிமண் மேட்டில் மேல் மண்ணையும் கீழ் மண்ணையும் பொக்லைன் ஒன்றாக அள்ளிக் கொட்டிவிட்டால், ஒவ்வோர் ஓடும் அப்படியே இருந்தும் வரிசை போய்விடும். பக்கங்கள் அனைத்தும் இருக்கும், பக்க எண்கள் இருக்காது.

இந்த வட்டாரத்தில் சிமென்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களை மூடச் சொல்வது இங்கே கோரிக்கை அல்ல. வெட்டியதால்தான் பல அடுக்குகள் வெளிச்சத்துக்கே வந்தன. இந்த ஓடுகளைக் கண்டதும் பெயர் சொல்லக்கூடிய கண்கள் குறைந்துகொண்டே போவதுதான் கூடுதல் கவலை. அந்தக் கண் பழகப் பல ஆண்டுகள் ஆகும். கணினிக்குப் படம் பார்த்து இனம் பிரிக்கக் கற்றுத் தருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அதற்கென்று 2019-இல் வெளியான 34,000-க்கும் மேற்பட்ட மிதவை ஃபொராமினிஃபெரா படங்களுக்கும் பெயர் எழுதியவர்கள் நிபுணர்கள்தான்.

செய்யக்கூடியது பெரிய செலவில்லாதது. சுரங்கம் மூடும் திட்டம் தருவது நிறுவனங்களுக்கு ஏற்கெனவே சட்டக் கட்டாயம். பள்ளத்தை நிரப்பும்போது ஒரு பக்கச் சுவரை மட்டும், மேலிருந்து அடிவரை, மண் கொட்டி மறைக்காமல் விட வேண்டும் என்று அந்தத் திட்டத்தில் ஒரு வரி சேர்க்கலாம். மூடுவதற்கு முன் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு பிடி மண், அது எடுக்கப்பட்ட உயரம் எழுதிய பையில், வாரணவாசியிலேயே ஓர் அறையில் அடுக்கப்படலாம். பைக்கு அரைக் கிலோ போதும்.