தையல் தெரியட்டும்

சென்ற மாதம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கைப்பேசியை இடமிருந்து வலமாகத் திருப்பி ஒரு பனோரமா எடுத்தோம். வீடு திரும்பிப் பார்த்தால், ஒரு விசைப்படகுக்குப் பின்பாதியைக் காணவில்லை. கூடை சுமந்த அம்மாள் ஒருவர் இரண்டு இடங்களில் நடந்துகொண்டிருந்தார். சிரித்தோம், பிறகு யோசித்தோம். பனோரமா ஒரு கணத்தின் படம் அன்று, பல கணங்களின் ஒட்டு. கைப்பேசி அந்த ஒட்டை மறைக்கிறது. நமது குறை அதுதான்.

1840களில் பாரிஸில் மார்ட்டென்ஸ், வளைந்த தகட்டின் முன் லென்ஸ் சுழலும் கேமராவை உருவாக்கினார். நின்ற இடத்தில் சுழல்வது ஒரு வழி. முக்காலி மேல் லென்ஸின் சரியான புள்ளியை அச்சாக்கி, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு, ஒளி அளவை மாற்றாமல் எடுக்க வேண்டும். அச்சு பிசகினால் அருகிலிருக்கும் கயிறு தொலைவிலுள்ள கிரேனோடு சேராது.

நடப்பது இன்னொரு வழி. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்தார். 21 அச்சுகளை ஒட்டியதில் 19 அடியைத் தாண்டிய ஒரே படம் கிடைத்தது. நின்று சுழன்றிருந்தால் ஒரு பக்கச் சுவருக்கு மேல் அகப்பட்டிராது. (நம் ஊரில் நடந்த இச்செய்தியை நாமும் வெகு தாமதமாகவே அறிந்தோம்.)

ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரைக்கும் இவ்வழியே பொருந்தும் என்பது எங்கள் கருத்து. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட துறைமுகச் சுவர்கள், வடக்கே போக வேண்டிய மணலைத் தெற்கிலேயே நிறுத்தின. மெரினா அகன்றது, வடக்கே கடல் ஊருக்குள் வந்தது. திருவொற்றியூர்ப் பக்கம் இன்று நிற்பது மணலன்று, கொட்டிய கருங்கல். எந்த ஒரு மாடியில் நின்றும் இதை முழுதாகக் காண இயலாது. அரிப்பு அடியடியாக நடந்ததால், அடியடியாக எடுத்த படமே அதற்குச் சாட்சி சொல்லும்.

ஆகவே ஆண்டுக்கொருமுறை, அதே மாதத்தில், அலை இறங்கிய நேரம் பார்த்து, ஐம்பது தப்படிக்கு ஒரு படமாக எடுப்போம். மென்பொருளிடம் கொடுத்து வழுவழுப்பாக்க வேண்டாம். ஒவ்வொரு துண்டின் கீழும் நாளும் நேரமும் இருக்கட்டும். பாதிப் படகு பாதிப் படகாகவே இருக்கட்டும். கல் அணைக்கு வெளியே மிச்சமிருக்கும் சுவர்த் துண்டுகளை எவரும் அழித்துவிடக் கூடாது. அவை வீடுகளாய் இருந்தவை.

தை மாதம் முதல் ஞாயிறு, ராயபுரம் ரயில் நிலைய வாசலில் தொடங்குகிறோம். வர விரும்பும் நண்பர்கள் தொப்பியும் தண்ணீரும் கொண்டு வரவும்.