வினையூக்கி வேறு, மத்தாப்பு மருந்து வேறு

சிறு கரிம மூலக்கூறுகளே வினையூக்கியாகி உலோகத்தை விலக்கிவிட்டன, அதே வழியில் வெம்பக்கோட்டைப் பட்டாசும் பேரியத்தைக் கைவிடலாம் என்ற வாதம் அடிப்படையிலேயே பிழையானது. வினையூக்கி வினையை விரைவுபடுத்தும், தான் செலவாகாது. 2000-இல் பெஞ்சமின் லிஸ்ட், அசிட்டோனை ஓர் ஆல்டிஹைடுடன் இணைக்கப் புரோலின் என்ற அமினோ அமிலத்தைப் பயன்படுத்தினார். புரோலின் அசிட்டோனைப் பற்றிக்கொள்கிறது. புரோலினின் அமிலப் பகுதி ஆல்டிஹைடை ஒரு முகமாகத் திருப்பி நிறுத்துகிறது. பிணைப்பு முடிந்ததும் நீர் வந்து புரோலினை விடுவிக்கிறது. விளைபொருளின் வலக்கை, இடக்கை வடிவங்களில் ஒன்று மிகுதியாகக் கிடைப்பதே இதன் பெருமை. அதே ஆண்டில் வேறொரு மூலக்கூறால் இவ்வழியை நிறுவிய டேவிட் மேக்மில்லனுடன் அவர் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கம்பி மத்தாப்பில் நடப்பதோ எரிதல். பேரியம் நைட்ரேட் ஆக்சிஜன் தருகிறது, அலுமினியத் தூள் எரிகிறது, இரும்புத் தூள் பொறியாகச் சிதறுகிறது. மருந்தைக் கம்பியில் ஒட்டவைக்கும் டெக்ஸ்ட்ரின் கரிமப் பொருள்தான். ஆனால் அது வெறும் பசை. பற்றவைத்தால் மருந்து முழுதும் செலவாகிவிடும். உச்ச நீதிமன்றம் 2018-இல் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தபின் தேவைப்பட்டது வேறோர் ஆக்சிஜனேற்றி. பொட்டாசியம் நைட்ரேட் ஆக்சிஜன் தரும், பேரியத்தின் பச்சை நிறத்தைத் தராது. தொழிலாளர் பிழைப்பைத் தொடும் இந்தச் சிக்கலுக்கு நோபல் பரிசைக் காட்டி விடை சொல்வது அநியாயம்.

கரிம வினையூக்கி எப்போதும் தூயது என்பதும் மிகை. லிஸ்டின் சோதனையில் 100 ஆல்டிஹைடு மூலக்கூறுக்குச் சுமார் 30 புரோலின் மூலக்கூறு தேவைப்பட்டது. அசிட்டோனும் பெருமளவு உபரியாகச் சேர்க்கப்பட்டது.