துப்பறிவாளன் வராத கரை

துப்பறியும் நாவல் என்ற சொற்றொடரைக் கேட்டமாத்திரத்தில் முகஞ்சுளிப்பது நமது பல்கலைக்கழகச் சூழலில் இலக்கிய இரசனையின் முதலாவது அடையாளமாகிவிட்டது. அது நசிவிலக்கியம், வாசகனை மயக்கத்தில் ஆழ்த்துவது, தமிழகத்து வணிகச் சஞ்சிகைகள் இங்கு இறக்கிய சரக்கு. விரிவுரை மண்டபத்தில் இவற்றைக் கேட்டுக் குறிப்பெடுப்போர், அன்றிரவே விடுதிக் கட்டிலில் ராஜேஷ்குமாரின் கதையொன்றை முடிக்காமல் விளக்கணைப்பதில்லை. (நானும் அவ்வகையினனே.) இந்த இரட்டை வாழ்க்கையை விடுத்து, இகழப்படும் அவ்வடிவத்தின் ஒரு பிரிவையேனும், அதாவது காணாமற்போன ஒருவரைத் தனியார் துப்பறிவாளர் தேடும் கதையை, நேர்மையாக எடைபோடவேண்டும் என்பதே எனது வாதம். புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையில் வளர்ந்த ஒருவனுக்கு இது வெறும் இரசனைப் பிரச்சினையன்று.

ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1885இல் வெளிவந்த சித்தி லெப்பையின் 'அசன்பே சரித்திரம்' எகிப்தில் கடத்தப்பட்ட ஒரு குழந்தையின் கதை. 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி வெளியிட்ட 'ஊசோன் பாலந்தை கதை' காட்டிற் பிரிந்த இரட்டைக் குழந்தைகளின் கதை. ஷேர்லொக் ஹோம்ஸ் அச்சில் தோன்றியது 1887இலேதான் என்பதை நினைவிற்கொள்க. துப்பறிவாளன் தமிழுக்கு வருமுன்னரே, தொலைந்தவனைத் தேடும் வேட்கை நமது நாவலின் கருவில் இருந்தது. பின்னர் தமிழகத்தில் ஜே. ஆர். ரங்கராஜு 'ராஜாம்பாள்' எழுதினார். மணப்பெண் மறைகிறாள், கருகிய பிணமொன்று அவளுடையதெனக் கொள்ளப்படுகிறது, காதலன்மீது பழி விழுகிறது, துப்பறியும் கோவிந்தன் உண்மையை வெளிக்கொணர்கிறான். முன்னைய இரண்டையும் 'முதல் முயற்சிகள்' என்று தேர்வு விடைத்தாளில் ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். மூன்றாவதை அந்த ஒரு வரிக்கும் தகுதியற்றதாகத் தள்ளிவிடுகிறோம்.

இவ்வடிவத்துக்கு உள்ள அறம் எது? காணாமற்போன ஒரே ஒருவருக்காகக் கடைசிப் பக்கம்வரை தேடல் நடக்கும் என்ற உறுதியே அது. நமது 'யதார்த்த' நாவலாசிரியர்கள் இவ்வுறுதியை அளிப்பதில்லை. கடலுக்குப் போன மீனவன் திரும்பாமற் போவது அவர்களுக்கு ஒரு வர்க்கத்தின் துயரத்துக்குச் சான்று. இறுதி அத்தியாயத்தில் கரையில் நிற்கும் மனைவியின் கண்ணீருக்குக் காரணம். அவன் எங்கே போனான், இறுதியாக யார் கண்டார், எவரிடம் கணக்குக் கேட்கவேண்டும் என்ற கேள்விகளை அவர்கள் எழுப்புவதில்லை. பிரதிநிதி ஒருவன் மறைந்தால் இன்னொரு பிரதிநிதி கிடைப்பான். கணவன் மறைந்தால் அவ்வாறு கிடைப்பதில்லை.

இனி மறுபக்கம். நாம் வாசிக்கும் துப்பறியும் நாவல் இவ்வறத்தைச் செல்வர்களுக்கு மட்டுமே வழங்குகிறது என்பதை மறைக்கமாட்டேன். முதற்பக்கத்திலேயே கட்சிக்காரர் காரில் வந்திறங்குகிறார், புகைப்படம் நீட்டுகிறார், முற்பணம் மேசையில் விழுகிறது. காணாமற்போனது பெரும்பாலும் சொத்துக்கு வாரிசு. அவர் மறைந்த நாளும் நாழிகையும் தெரியும். முகவரி உண்டு.

நமது கரையில் இவற்றுள் எது உண்டு? சோளகம் வீசும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்க, உடப்பு முதலிய ஊர்களின் மீனவர் கிழக்குக் கரையில் வாடி அமைத்துத் தொழில் செய்யப் போவது தலைமுறைகளாக நிலவிய வழக்கம். வேறு சிலர் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள தீவுகளில் மாதக்கணக்கில் தங்குவர். ஒருவர் வீட்டில் இல்லாதிருப்பது இங்கு செய்தியேயன்று. பருவம் முடிந்து ஏனையோர் திரும்பிய பின்னரே, திரும்பாதவர் யார் என்பது மெல்லத் தெரியவரும். ஆகவே காணாமற்போதலுக்கு இங்கே திகதி கிடையாது. சாட்சிகள் கரைவலை இழுத்த கூலியாட்கள். அவர்களும் அடுத்த பருவத்தில் வேறு கரையில் நிற்பர். எழுத்திலுள்ள ஆதாரம் ஒன்று இருக்குமாயின், அது சம்மாட்டியின் முற்பணக் கணக்குப் புத்தகமாக இருக்கலாம். அதிலும் அவர் கடன்காரர்.

முகவரியின் கதை இன்னும் கொடியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெருந்தொகையினர் புத்தளத்துக்கு வந்தனர். மன்னாரிலிருந்து கடல்வழியே கற்பிட்டியில் இறங்கியோரும் உளர். அக்குடும்பங்களில் முன்னரே மறைந்திருந்த ஒருவர் என்றேனும் திரும்பியிருப்பின், அவர் தட்டிய கதவுக்குப் பின்னால் எவரும் இருந்திரார். தேடுவோரும் தேடப்படுவோரும் ஒருவருக்கொருவர் காணாமற்போன இத்தகைய நிலையை பேக்கர் வீதியின் பேரறிவாளரும் கண்டதில்லை.

ஹோம்ஸ் கதைகளிலேயே 1891இல் வெளியான ஒன்றில், கணவன் இறந்திருப்பான் என்றே அந்தத் துப்பறிவாளர் கருதுகிறார். மனைவியோ அவன் உயிருடன் இருக்கிறான் என்கிறாள். அன்று வந்த கடிதத்தை எடுத்துக் காட்டுகிறாள். அவளே சரி. கொனன் டொயில் இக்கதையை மேலும் தொடர்ந்து சிந்தித்திருந்தால், துப்பறிவாளர் யார் என்பதையே மாற்றி எழுதியிருப்பார். நமது கரையில் தனியார் துப்பறிவாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தாய்மாரும் மனைவியருமே. கட்டணம் பெறுவதில்லை, பேருந்துக் கட்டணம் செலுத்துகிறார்கள். கிராம உத்தியோகத்தர், பொலிஸ் நிலையம், பிரதேச செயலகம், ஆணைக்குழு என்று தடயம் தேடி அலைகிறார்கள். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் இந்நாட்டிற் பதிவானவர்கள் 16,000இற்கும் மேல். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போனோர் அலுவலகம் உருவாக்கப்பட்டது. ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டது 2018இல். அதே 2016இல் வந்த இன்னொரு திருத்தச் சட்டம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவரைக் காணக்கிடைக்கவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெற வழி செய்தது. எந்தச் சான்றிதழைக் கேட்பது என்று ஒரு மனைவி தீர்மானிக்கும் அந்தக் கணத்தைவிடக் கூர்மையான மர்மம் எந்த மர்ம நாவலில் உண்டு?

துயரத்தைப் புதிராக்குவது பண்பற்றது என்று சில நண்பர்கள் கூறுவர். புதிராக்கியவர்கள் நாமல்லோம். விடை தெரிந்தவர்கள் மௌனம் சாதிக்கையில் அது புதிராயிற்று. மறைந்தவரை இறுதிப் பக்கத்தில் உயிருடன் கொணர்ந்து நிறுத்தும் மலிவான ஆறுதலை நானும் வேண்டேன். தேடலை ஒழுங்காக நடத்தும் நாவலே வேண்டும்: காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்தது, கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவது, ஒரு சாட்சியத்தை மற்றொன்றுடன் ஒப்பிடுவது. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1859இல் தமது 'தமிழ் புளூட்டார்க்' நூலில், இருநூறளவான புலவர்களைக் காலத்தின் மறதியிலிருந்து தேடியெடுத்தார். சிலருக்குப் பெயரும் ஓரிரு செய்திகளுமே மிஞ்சியிருந்தன. அவற்றையும் அவர் பதிந்தார். நமது மாவட்டத்துக்கு இம்முறையியல் புதியதன்று.

சென்ற விடுமுறையில் எங்கள் ஊரில் முதியவரொருவர் என்னை அழைத்தார். அவருடைய கணவர் 1990இல் கிழக்குக் கரைக்கு வாடிக்குப் போனவர். அவ்வாண்டு யூனில் போர் மீண்டும் மூண்டது, அவர் வரவில்லை. அலுவலகமொன்றிலிருந்து வந்த கடிதத்தை அவ்வம்மையார் என்னிடம் தந்தார். அது சிங்களத்தில் மட்டும் இருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன்: விண்ணப்பம் முழுமையாக இல்லை, காணாமற்போன திகதியைக் குறிப்பிட்டு மீண்டும் அனுப்புக.

படிவத்தை என் முன்னால் விரித்து, பேனாவையும் எடுத்துத் தந்தார்.

"நீங்க படிச்ச பிள்ளைதானே மகன், எந்தத் திகதியப் போடுவம்?"