தேயிலைக் கத்தியை ஹைட்ரேஞ்சியா மேல் வைக்காதீர்கள்

இந்த வருடம் மட்டும் எங்கள் பகுதியில் மூன்று வீடுகளில் பழைய ஹைட்ரேஞ்சியாச் செடிகளை வேரோடு தோண்டி எறிந்துவிட்டார்கள். மூன்று வீட்டிலும் சொன்ன காரணம் ஒன்றுதான். "இலைதான் சார் தழையுது, பூவே வரமாட்டேங்குது. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது." செடி நின்ற இடத்தில் இப்போது இன்டர்லாக் கல். அதன் மேல் இரண்டு பூந்தொட்டி.

நாற்பது வருடம் பந்து பந்தாகப் பூத்த செடி ஒரு நாள் பூக்க மறந்துவிடுமா? பூவை நாமே வருடா வருடம் வெட்டி எறிந்துவிட்டுப் பழியைச் செடி மேல் போடுகிறோம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கும் நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நான் தேயிலைத் தோட்டத்தில் ஃபீல்டு ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். கவாத்து என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தேயிலையை அதன் போக்கில் விட்டால் மரமாக வளர்ந்து பூத்துக் காய்க்கும். நமக்கு வேண்டியது கொழுந்து. அதனால் பூக்க விடாமல் சில வருடங்களுக்கு ஒருமுறை வெட்டி வெட்டி, இலையாகவே தழைக்க வைக்கிறோம். அது தேயிலைக்குச் சரி.

நம் ஊரில் வீட்டுத் தோட்ட வேலைக்கு வருகிறவர்களில் பலர் தேயிலையில் கை பழகியவர்கள். ஜனவரியில் வருகிறார்கள். வீட்டுக்காரர், "எல்லாத்தையும் நல்லா ஒட்ட வெட்டிடுப்பா" என்கிறார். அவரும் ஹைட்ரேஞ்சியாவை முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்துவிட்டுக் கூலி வாங்கிப் போகிறார். தேயிலைக்குச் செய்வதைச் செய்தால் தேயிலை தருவதைத்தானே செடியும் தரும்? இலை தந்தது. இதில் வேலைக்காரர் மேல் தப்பில்லை. சொன்னதைச் செய்தார். எதைச் சொல்வது என்று தெரிந்துகொள்ளாத வீட்டுக்காரரைத்தான் நான் கேட்கிறேன்.

நம் மலையில் பழைய வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரேஞ்சியா மேக்ரோஃபில்லா. ஜப்பான் நாட்டுச் செடி. இது பழைய தண்டில் பூக்கும் இனம். மழை ஓய்ந்து பகல் குறுகிக் குளிர் தொடங்கும்போதே, வரும் கோடையின் பூவுக்கான மொட்டைத் தண்டின் நுனியில் கட்டிக்கொள்ளும். குளிர்காலம் முழுக்க அந்த மொட்டு அங்கேயே உறங்கும். ஜனவரியில் நுனியை வெட்டினால் அந்த வருடத்துப் பூ குப்பைக்குப் போயிற்று என்று அர்த்தம். அடியிலிருந்து புதுத் தண்டு வரும், இலை தழைக்கும், அடுத்த குளிரில் மொட்டு கட்டும். அதற்குள் மறுபடியும் கத்தி வந்துவிடும்.

"யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரர் அடியோடு வெட்டுகிறாரே" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அவர் வெட்டுவது பானிகுலாட்டா, ஆர்போரெசென்ஸ் போன்ற இனங்கள். அவை அந்தந்த வருடத்துப் புதுத் தண்டில் பூப்பவை. எந்தச் செடி என்று பார்க்காமல் வீடியோவைப் பார்த்து வெட்டினால் எப்படி?

சரி, என்ன செய்யலாம்? பூ வாடத் தொடங்கியதும், ஆகஸ்ட் செப்டம்பருக்குள், பூக்கொத்துக்குக் கீழே முதல் தடித்த கணுவரை மட்டும் வெட்டுங்கள். மிகவும் முற்றிய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு எடுங்கள். மற்றதைத் தொடாதீர்கள். ஊட்டிப் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழும் இடத்தில் இருப்பவர்கள் வாடிய பூவையும் விட்டுவையுங்கள். கீழே இருக்கும் மொட்டுக்கு அதுதான் குடை. பிப்ரவரி கடைசியில் எடுத்தால் போதும். தேயிலைக்குப் போட்டு மிஞ்சிய யூரியாவை இதன் தூரில் கொட்டும் பழக்கத்தையும் விடுங்கள். யூரியாவும் இலையைத்தான் வளர்க்கும்.

அடுத்த குற்றச்சாட்டு, இது தண்ணீரைக் குடித்தே தீர்க்கிறது என்பது. பெயரிலேயே ஹைட்ரோ இருக்கிறதாம். கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்கு நீர்க்குடம் என்று பொருள். விதைக்கூட்டின் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. மதிய வெயிலில் இலை தொங்கினால் உடனே குழாயைத் திறக்கிறார்கள். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சாயங்காலம் இலை தானாக நிமிரும். காலை வெயிலும் மதிய நிழலும் கிடைக்கும் கிழக்குப் பக்கத்தில், செடிக்குச் செடி நாலைந்து அடி விட்டு, தூரில் சருகு மூடாக்குப் போட்டால் தண்ணீர்ச் செலவு பாதியாகும்.

அடுத்து நிறம். "முன்னே நல்ல நீலமா இருந்துச்சு, இப்ப ரோஸா போச்சு, ஜாதி கெட்டுப்போச்சு" என்கிறார்கள். செடி அதேதான். நம் மலை மண் புளிப்பு மண். அதில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால்தான் பூ நீலமாகிறது. கார அமில அளவு 5.5க்குக் கீழே இருந்தால் நீலம், 6.5க்கு மேலே போனால் ரோஸ். சுற்றிலும் சிமென்ட் பூசி, அதிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணில் இறங்கினால் நீலம் எப்படி நிற்கும்? சிலர் துருப்பிடித்த ஆணியைத் தூரில் புதைக்கிறார்கள். ஆணியில் இருப்பது இரும்பு, நீலத்துக்கு வேண்டியது அலுமினியம். வெள்ளைப் பூ இனத்துக்கோ எதைப் போட்டாலும் நீலம் வராது.

கடைசியாக, "வெள்ளைக்காரன் கொண்டு வந்த செடிதானே, போகட்டும்" என்பவர்கள். அந்த இடத்தில் ஒரு சோலை மரக் கன்றை நட்டால் நானே வந்து குழி தோண்டித் தருகிறேன். நடுவது சிமென்ட் கல்லை. ஊட்டி உருளைக்கிழங்கும் வெளியிலிருந்து வந்ததுதான். அதை யாரும் பிடுங்கி எறியவில்லை. உண்ணிச்செடியும் சீகை மரமும் காட்டை விழுங்கியது போல, பந்துப் பூ ஹைட்ரேஞ்சியா பரவுவதில்லை. அதன் பூக்கள் பெரும்பாலும் விதை கட்டாதவை. நாம் போத்து நட்டால்தான் உண்டு.

சரிவில் வீடு கட்டிக்கொண்டு வாழ்கிறவர்கள் நாம். தூருக்குள் இறங்க வேண்டிய மழைத் தண்ணீர் இப்போது கல் மேல் ஓடி, கீழ் வீட்டுக்காரரின் தடுப்புச் சுவரில் போய் முட்டுகிறது. ஒரு வரிசைச் செடி மலையையே தாங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. மண்ணை மூடாமல் விட்டால் தண்ணீர் குடிக்கும் என்றுதான் சொல்கிறேன்.

பூக்கவில்லை என்று பிடுங்கப் போகிறவர்கள் இரண்டு வருடம் கத்தியை உள்ளே வையுங்கள். அப்புறமும் பூக்கவில்லை என்றால் உங்கள் இஷ்டம். அப்போதும் பிடுங்கும் முன் பூக்காத தண்டாகப் பார்த்து, இரண்டு மூன்று கணுவோடு அரை அடிப் போத்துகள் வெட்டி அக்கம்பக்கத்தில் கொடுங்கள். மழைக்காலத்தில் நிழலில் நட்டால் ஒரு மாதத்தில் வேர் பிடித்துவிடும். வாங்கிக்கொள்ள நான் தயார்.