வாரம் ஒருமுறை செல்போனை அணைத்துப் போடுங்கள்

"வாங்கின நாளிலிருந்து என் போனை அணைத்ததே இல்லை" என்று பெருமையாகச் சொல்லும் நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. அந்தப் பெருமை வேண்டாம் என்பது என் கட்சி. பென்ஷன் வரும் கணக்கே இப்போது அதற்குள்தானே இருக்கிறது?

காரணம் சொல்கிறேன். கம்ப்யூட்டரோ போனோ, அதன் நினைவகத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு. முகவரி என்பார்கள். ரெக்கார்டு ரூமில் எத்தனையாவது ரேக், எத்தனையாவது தட்டு என்பது மாதிரி. ஒரு காலத்தில் ஒரே ரக இயந்திரங்களில் எல்லாமே அதே அதே தட்டில் இருந்தன. ஒன்றைத் திறந்து பார்த்தவனுக்கு மற்றதெல்லாம் மனப்பாடம்.

1988 நவம்பர் 2ஆம் தேதி அமெரிக்காவில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் விட்ட 'புழு' நிரல் பரவிய வழிகளில் ஒன்று இதுதான். 512 எழுத்து கொள்ளும் இடத்துக்கு அது 536 எழுத்தை அனுப்பியது. மிகுந்தது வழிந்து பக்கத்துத் தட்டில் விழுந்தது. அங்கே இருந்த 'அடுத்து இந்த முகவரிக்குப் போ' என்ற குறிப்பு அழிந்து, புழு சொன்ன முகவரி ஏறிக்கொண்டது. இயந்திரமும் மறுபேச்சில்லாமல் அங்கே போய், வந்தவன் வைத்திருந்த கட்டளையைச் செய்தது. நம்மில் சில பேர் மேலதிகாரி கையெழுத்தைப் பார்த்ததும் பைலை நகர்த்தின மாதிரி!

2001இல் பேக்ஸ் என்ற திட்டத்தார் லினக்ஸில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். நிரல் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ரேக்குகளைக் குலுக்கி இடம் மாற்றிவிடுவது. வழிவது நிற்காது. ஆனால் எந்த முகவரியை எழுதுவது என்று திருடனுக்குத் தெரியாது. தப்பாக எழுதினால் நிரல் நின்றுபோகும், அவ்வளவுதான். விஸ்டாவோடு 2007இல் இது விண்டோஸுக்கு வந்தது. 2011இல் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். கம்ப்யூட்டருக்கு பிரெஞ்சில் 'ஒர்தினாத்தேர்' என்று பெயர். ஒழுங்குபடுத்துபவர் என்று பொருள். ஐபிஎம் நிறுவனத்துக்காக 1955இல் ழாக் பெர்ரே என்ற பேராசிரியர் எடுத்துக்கொடுத்த சொல். அந்த ஒழுங்குக்காரன் இன்று ஒழுங்கைக் கலைத்துத்தான் பிழைக்கிறான்.

ஆனால் குலுக்கலை முழுதாக நம்பவும் கூடாது. பழைய 32 பிட் இயந்திரத்தில் குலுக்க முடிந்தது 65,536 விதங்களில்தான். 2004இல் ஆய்வாளர்கள் மாற்றி மாற்றி முயன்று, சராசரியாக 216 விநாடியில் சரியான இடத்தைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். இன்றைய 64 பிட் போனில் அது லேசில் நடக்காது. என்றாலும் ஒரே ஒரு முகவரி வெளியே கசிந்தால், அதை வைத்து மற்றதைக் கணக்குப் போட்டுவிடலாம்.

இங்கேதான் நம் பெருமைக்காரர்கள் வருகிறார்கள். ஆண்ட்ராய்டு போனில், போனைப் போட்டதும் ஒரு தாய் நிரல் எழுகிறது. பிறகு திறக்கும் ஆப் எல்லாம் அதன் பிரதிகள். ஆகவே தாயின் அடுக்கே பிள்ளைகளுக்கும். போனை அணைத்துப் போடும் வரை அது மாறாது. ஆறு மாதம் அணைக்காத போனில் ஆறு மாதமாக அதே அடுக்குதான்.

அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையும் 2020இல் வாரம் ஒருமுறை போனை அணைத்துப் போடச் சொன்னது. நினைவகத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வேவு நிரல்கள் அதில் செத்துப்போகும் என்பது இன்னொரு லாபம்.

"அப்டேட் போடாதீங்க சார், ஸ்லோ ஆயிடும்" என்று கடைப் பையன் சொன்னால் கேட்காதீர்கள். வழியும் ஓட்டையை அடைப்பது அப்டேட்தான். குலுக்கல் திருடனைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. ஓடிபியை நாமே வாசித்துச் சொன்னால் இரண்டுமே உதவாது.

அணைக்கும் முன் ஒரு விஷயம். மறுபடி போட்டதும் போன் விரல் ரேகையை ஏற்காது, பின் நம்பரைக் கேட்கும். அது நினைவிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பேரப்பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து அணையுங்கள்.