அன்னபோஸ்ட் வெற்றி, வெற்றிதானா?



மாணவர் சங்கத் தேர்தலில் யாராவது 'அன்னபோஸ்ட்'டில் ஜெயித்துவிட்டால் நாம் கைதட்டுகிறோம். "சண்டை இல்லை, சச்சரவு இல்லை, எல்லாருக்கும் நல்லதுப்பா" என்கிறோம். உண்மையிலேயே நல்லதுதானா? சூரமங்கலத்திலிருந்து ஒரு நிமிடம் சிங்கப்பூர் வரை வாருங்கள். பாஸ்போர்ட் தேவையில்லை.

நம் சேலம் மாவட்டத்தின் ஒரு மூலையில் அடங்கிவிடும் அந்தத் தீவு 1965-ல் தனிக் குடியரசானது. முதலில் நாடாளுமன்றம்தான் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்தது. 1991-ல் சட்டத்தைத் திருத்தி, அந்த உரிமையை மக்களுக்குக் கொடுத்தார்கள். நாட்டின் சேமிப்பை அரசாங்கம் இஷ்டத்துக்கு எடுக்காமல் இருக்க, பெட்டியின் இரண்டாவது சாவி ஜனாதிபதி கையில் இருக்க வேண்டும் என்பது காரணம்.

1993-ல் நடந்த முதல் தேர்தலில் 58.7 சதவீத ஓட்டு வாங்கி ஓங் டெங் சியோங் ஜெயித்தார். ஆளுங்கட்சியிலேயே துணைப் பிரதமராக இருந்தவர். ஆனாலும், நான் காவல் காக்கும் சொத்து எவ்வளவு என்று கணக்குக் கேட்டார். ஒரு ஆள் உட்கார்ந்து கணக்கெடுத்தால் 56 வருஷம் ஆகும் என்று பதில் வந்தது! மக்கள் ஓட்டு வாங்கி வந்தவருக்குத்தான் அப்படிக் கேட்கும் தைரியம் வரும் என்பது என் கருத்து.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1999, 2005 இரண்டு தடவையும் தமிழரான எஸ்.ஆர்.நாதன் அன்னபோஸ்ட். 2017-ல் மலாய் இனத்தவருக்கு ஒதுக்கிய தேர்தலில் ஹலிமா யாக்கோப் அன்னபோஸ்ட். மற்றவர்களும் ஆசைப்பட்டார்கள், ஆனால் தகுதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. கம்பெனி நடத்துகிறவர் போட்டியிட வேண்டுமானால், அதன் பங்குதாரர் நிதி 50 கோடி வெள்ளி இருக்க வேண்டும் என்பது 2016-ல் வந்த விதி.

ஆக, 2023 வரை ஆறு தேர்தல். மக்கள் ஓட்டுப் போட்டது மூன்றில்தான்!

"அன்னபோஸ்டில் வந்தவர்கள் திறமையில்லாதவர்களா?" என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. நாதன் மதிப்புக்குரியவர். ஹலிமா அங்கே முதல் பெண் ஜனாதிபதி. ஆனால் மக்கள் தங்களை எவ்வளவு விரும்பினார்கள் என்று காட்டும் வாய்ப்பு அவர்களுக்கே கிடைக்காமல் போச்சே! நஷ்டம் ஜெயித்தவருக்கும்தான்.

2011-ல் நான்கு பேர் நின்றார்கள். நால்வர் பெயரிலும் 'டான்'! டோனி டான் வெறும் 7,382 ஓட்டில் ஜெயித்தார். நாடு ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. 2023-ல் இலங்கைத் தமிழ் வம்சாவளியில் வந்த தர்மன் சண்முகரத்னம், அன்னாசிப்பழச் சின்னத்தில் இருவரை எதிர்த்து நின்று 70.4 சதவீதம் வாங்கினார். சீனர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் ஒதுக்கீடு இல்லாமலே கிடைத்த வெற்றி அது. போட்டி இல்லாமல் போயிருந்தால் அந்த மக்களின் மனசு யாருக்குத் தெரிந்திருக்கும்?

தோழர்களே, தோழிகளே! நம் சங்கத்திலும் சந்தாப் பணம் இருக்கிறது, அதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. கணக்குக் கேட்க ஒரு ஆள் வேண்டாமா? அடுத்த தடவை "நமக்கேன் வம்பு" என்று ஒதுங்காமல் ஒரு மனு போடுங்கள். தோற்றாலும் பரவாயில்லை, கேண்டீனில் டீ என் செலவு!

— இறுதியாண்டு மாணவன், மின்னியல் துறை